நீக்கம், ஒடுக்கம், அழிப்பு: உலோக நானோத்துகள் வழிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் தமிழில் உணர்த்துதல்

கழிவுநீரில் கலந்துள்ள நச்சுப் பொருள்களை உலோக நானோத்துகள்களைக் கொண்டு நீக்கும் முறை இன்று வேதியியலாரின் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லீஹைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங், ஜாங் ஆகிய இருவரும் நானோ அளவிலான இரும்புத் துகள்களை ஆக்கி, அவை குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களைச் சிதைப்பதைக் காட்டினர். 2001இல் நியூஜெர்சி மாநிலத்து டிரென்டன் நகரில் நிலத்தடி நீரில் இத்துகள்களைச் செலுத்திப் பார்த்த களச்சோதனையின் முடிவுகள் வெளிவந்தன. 2003இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தலப்பில் பிரதீப்பும் அவருடைய மாணவரும் வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் நானோத்துகள்கள் குளோரின் ஏறிய சேர்மங்களைச் சிதைப்பதை ஆய்ந்து வெளியிட்டனர். அவ்வழி வந்த பூச்சிக்கொல்லி வடிகட்டி 2007இல் சந்தைக்கு வந்தது.

இப்பொருள் தமிழுக்கு மூன்று வாயில்கள் வழியே வருகின்றது. பள்ளி, கல்லூரிப் பாடநூல் ஒன்று; நாளிதழ் மற்றொன்று. மூன்றாவது வாயிலை மொழியியலார் அதிகம் நோக்கியதில்லை. 2006 செப்டம்பரில் நடுவணரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படும் திட்டங்களுக்கு அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் தருதல் வேண்டும். தொழிற்சாலையின் கழிவுநீர் எவ்வாறு கையாளப்படும் என்பதை ஊர் மக்கள் அறிந்துகொள்ளும் ஏடு அதுவே. அந்த ஏட்டில் ஒரு நச்சுப் பொருள் ‘அழிக்கப்படும்’ என்று எழுதுவதற்கும் ‘பிரிக்கப்படும்’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு நடையழகு பற்றியதன்று. பிரிக்கப்பட்ட பொருள் எங்கோ வைக்கப்பட்டாக வேண்டும். அந்த ‘எங்கோ’ அவ்வூரின் புறம்போக்காகவும் இருக்கலாம்.

கலைச்சொல் ஆய்வுகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களிலேயே கருத்தைச் செலுத்தி வந்துள்ளன. நானோவுக்குத் தமிழென்ன, துகளா துணிக்கையா என்னும் வினாக்கள் எழுப்பப்பட்ட அளவிற்கு, அத்துகள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் வினைச்சொற்கள் ஆராயப்படவில்லை. இத்துறையில் பிழை நேரும் இடம் வினைச்சொல்லே என்பதை எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு எண்ணிட்டுத் தரப்படும் தொடர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

அளவும் பெயரும்

பெயர்ச்சொல்லைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினாற் போதும். நானோ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த முன்னொட்டு. 1960இல் கூடிய எடை, அளவுகள் பொதுமாநாடு இதனை நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் பொருளில் ஏற்றது. 1974இல் ஜப்பானிய அறிஞர் நோரியோ தனிகுச்சி இதனைத் தொழில்நுட்பம் என்பதோடு சேர்த்து வழங்கினார். ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ளவற்றை நானோத்துகள் என்பது மரபு. மனிதக் குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் குறுக்களவுடையது என்பதைக் கொண்டு இதன் சிறுமையை உணரலாம்.

தமிழில் ‘நுண்துகள்’ என்று எழுதுவோர் உளர். நுண்ணோக்கி, நுண்ணுயிரி முதலிய சொற்களில் ‘நுண்’ என்னும் அடை மைக்ரோ என்பதற்கு உரியதாக முன்னரே இடம்பிடித்து விட்டது. காற்று மாசு பற்றிய செய்திகளிலும் மைக்ரோமீட்டர் அளவுடைய தூசைக் குறிக்க நுண்துகள் என்பதே வழங்குகின்றது. இரண்டிற்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு. ‘மீநுண்துகள்’ என்பது இச்சிக்கலுக்கு வந்த தீர்வு. ஆயினும் நானோவிற்கும் கீழே பைக்கோ, ஃபெம்டோ என அளவுகள் தொடர்வதால் ‘மீ’யின் மேல் இன்னொரு ‘மீ’ தேவைப்படும். அலகுப் பெயர்களையும் தனிமப் பெயர்களையும் உலக வழக்கிலுள்ளவாறே கொள்ளலாம் என்பது 1961இல் அமைக்கப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் நெறி. அதனையொட்டி ‘நானோ’வை அப்படியே ஏற்பது தக்கது. நானோதுகள், நானோத்துகள் என்னும் இரு வடிவங்களுள் எதனை எழுதுவது என்பது பதிப்பாசிரியரின் பொறுப்பு. அதனால் எந்த ஆறும் கெடப்போவதில்லை.

சிறுமை ஏன் வேண்டப்படுகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் நலம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள இரும்புக் கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் புறப்பரப்பு 600 சதுர மீட்டராகும். இரும்பின் எடை கூடவில்லை. நீரைத் தொடும் முகம் மட்டும் பத்து இலட்சம் மடங்கு கூடிவிட்டது. வினை நிகழ்வது அம்முகத்தில்தான்.

மரவேலியும் உலோக நீக்கமும்

தமிழின் தொகைச்சொற்கள் உருபை மறைத்துச் சுருங்குவன. அவ்வாறு மறையும்போது பொருள் இரண்டு முதல் ஏழு வரை மயங்கும் என்று நன்னூல் கூறுகின்றது. உரையாசிரியர்கள் ‘மரவேலி’ என்பதற்கு மரத்தைக் காக்கும் வேலி, மரத்திற்கு வேலி, மரத்தினது வேலி, மரத்தின் புறத்து வேலி, மரத்தாலாய வேலி, மரமாகிய வேலி என ஆறு வகையாக விரித்துப் பொருள் காட்டுவர். காக்கப்படுவதும் மரமாகலாம், காப்பதும் மரமாகலாம்.

கழிவுநீர் பற்றிய எழுத்துகளில் இம்மயக்கம் அன்றாடம் எதிர்ப்படுகின்றது. நச்சாக விளங்கும் குரோமியம், காட்மியம், காரீயம், பாதரசம் முதலியன உலோகங்கள். மருந்தாகச் சேர்க்கப்படும் இரும்பும் வெள்ளியும் உலோகங்களே.

(1) இவ்வாலையில் நானோ உலோக நீக்க முறை பின்பற்றப்படும்.

நானோ அளவுள்ள உலோகத்தை நீக்கும் முறையா, நானோ உலோகத்தால் பிறவற்றை நீக்கும் முறையா, நானோ முறையால் உலோகத்தை நீக்குவதா என்பது இத்தொடரில் விளங்கவில்லை. ஆங்கிலத்திலும் பெயரடுக்குகள் இவ்வாறு மயங்குவதுண்டு. அம்மயக்கத்தை அப்படியே கொணர வேண்டிய கடமை தமிழுக்கு இல்லை. உருபை விரித்து ‘நானோ இரும்புத்துகள்களால் குரோமியத்தை நீக்கும் முறை’ என்று எழுதினால் ஓரிரு சொற்கள் கூடும், மயக்கம் தீரும். தொகை செறிவு தரும் என்பது உண்மை. ஆயின் முன்னரே பொருளறிந்தவர்க்கே அச்செறிவு பயன்படும்.

இங்கு உலோகம், உலோக ஆக்சைடு என்னும் வேறுபாட்டையும் சுட்டுதல் வேண்டும். ஒளிபட்டால் வினைபுரியும் டைட்டானியம் டை ஆக்சைடும், ஆர்சனிக்கைப் பிடிக்கும் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடும் உலோகச் சேர்மங்களே அன்றி உலோகங்கள் அல்ல. நாளிதழ்கள் இவை யாவற்றையும் ‘உலோக நானோத்துகள்’ என ஒரே கூடையில் இடுகின்றன.

ஒடுக்கமா, குறைப்பா?

இத்துறையின் நடுநாயகமான வினை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனை ‘ஒடுக்கம்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘தாழ்த்தல்’ என்றும் வழங்குகின்றன. இதன் ஆங்கிலச் சொல் பொதுவழக்கில் ‘குறைத்தல்’ எனவும் பொருள்படும். வேதியியல் பயிலாத மொழிபெயர்ப்பாளர் வழுக்கும் இடம் இதுவே.

குரோமியம் நீரில் இரு நிலைகளில் காணப்படும். ஆறிணைதிறக் குரோமியம் மஞ்சள் நிறமுடையது, நீரில் எளிதில் கரைந்து பரவுவது, புற்றுநோய் விளைவிப்பது. மூவிணைதிறக் குரோமியம் நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. நடுநிலை நீரில் பெரும்பாலும் கரையாது படிந்துவிடும். இரும்புத் துகளைச் சேர்க்கும்போது இரும்பு எலக்ட்ரான்களை இழக்கின்றது. ஆறிணைதிறக் குரோமியம் ஒவ்வொன்றும் மூன்று எலக்ட்ரான்களை ஏற்று மூவிணைதிற நிலைக்கு இறங்குகின்றது. பின்னர் இரும்போடு கலந்த ஹைட்ராக்சைடாக வீழ்படிவாகின்றது. நிகழ்வது நிலைமாற்றம், அளவு மாறுவதில்லை. லிட்டருக்கு 10 மில்லிகிராம் குரோமியம் இருந்ததெனக் கொண்டால், வினை முடிந்த பின்னும் கலத்தில் இருப்பது அதே 10 மில்லிகிராமே. படிந்த கசடை எடுத்து அகற்றிய பின்னரே நீரில் அதன் அளவு குறையும்.

(2) நானோ இரும்பினால் குரோமியம் குறைக்கப்படுகிறது.
(3) நானோ இரும்பினால் ஆறிணைதிறக் குரோமியம் மூவிணைதிறக் குரோமியமாக ஒடுக்கப்படுகிறது.

தொடர் (2)ஐப் படிப்பவர் 10 மில்லிகிராம் 2 ஆகவோ 1 ஆகவோ இறங்கியதாகவே கொள்வார். அவ்வாறு கொள்வது அவர் பிழையன்று. தமிழில் ‘குறை’ என்பதற்கு அதுவே பொருள். இவ்வேறுபாடு சட்டத்திலும் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்கீழ் ஆறு, ஏரி முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கான பொது வரம்பு, ஆறிணைதிறக் குரோமியத்திற்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோமியத்திற்கு 2 மில்லிகிராம் எனத் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளது. ஒடுக்கம் முதல் வரம்பை எட்ட உதவும். இரண்டாவதை எட்டக் கசடைப் பிரித்தாக வேண்டும். ‘குறைப்பு’ என்னும் சொல் இவ்விரு வரம்புகளையும் ஒன்றாக்கி விடுகின்றது.

தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலைகள் பயன்படுத்துவது மூவிணைதிறக் குரோமிய உப்பு. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டுத் தொழிற்சாலையொன்று விட்டுச் சென்ற திடக்கழிவிலிருந்து மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியதோ ஆறிணைதிறக் குரோமியம். இரண்டையும் ‘குரோமியக் கழிவு’ எனப் பொதுப்பெயரால் சுட்டும் கட்டுரை, எந்த ஊருக்கு எந்த மருந்து என்பதையே மறைத்துவிடும். தோல் ஆலைக் கழிவுநீருக்கு ஒடுக்கும் துகளைப் பரிந்துரைப்பது, இறங்கி நிற்பவனைப் பார்த்து இறங்கச் சொல்வது போன்றது.

‘ஒடுக்கம்’ என்னும் சொல்லிலும் குறையில்லாமல் இல்லை. ஒடுங்கு என்னும் தன்வினைக்கும் ஒடுக்கு என்னும் பிறவினைக்கும் ‘ஒடுக்கம்’ ஒன்றே தொழிற்பெயராக அமைவதால், ஒடுக்கியது எது, ஒடுங்கியது எது என்பது தொழிற்பெயரில் தெரிவதில்லை. ‘இரும்பின் ஒடுக்கம்’ என்னும் தொடர் இரும்பு பிறிதொன்றை ஒடுக்குவதையும் குறிக்கலாம். இரும்பே ஒடுங்குவதையும் குறிக்கலாம். உண்மையில் இங்கு இரும்பு ஒடுங்கவில்லை. குரோமியத்தை ஒடுக்கித் தான் ஆக்சிஜனேற்றம் பெறுகின்றது. ஆதலின் இவ்விடங்களில் தொழிற்பெயரை விடுத்து முற்றுவினையாகவே எழுதுதல் நன்று. இரும்பு ஒடுக்குகிறது, குரோமியம் ஒடுங்குகிறது. ஓர் எழுத்தின் வன்மை மென்மையால் செய்வோனையும் செயப்படுபொருளையும் வேறுபடுத்தும் வாய்ப்பு எல்லா மொழிகளுக்கும் கிட்டுவதில்லை. கிட்டிய மொழி அதனைப் பயன்படுத்த வேண்டும்.

பொருத்தம் நோக்கின் இலங்கை வழக்கான ‘தாழ்த்தல்’ ஒருபடி மேலானது எனலாம். ஆறு என்னும் ஆக்சிஜனேற்ற எண் மூன்றாகத் தாழ்கின்றது. சொல்லும் அதனையே சொல்கின்றது. ‘ஒடுக்கம்’ என்பதோ சமூக ஒடுக்குமுறையையும் சைவ நூல்கள் கூறும் உலக ஒடுக்கத்தையும் உடன்நினைவூட்டும். ஆயினும் தமிழ்நாட்டு மாணவர் பல தலைமுறையாகப் பயின்ற சொல்லை மாற்றுவது எளிதன்று. இதன் எதிர்ச்சொல்லான ஆக்சிஜனேற்றம், இலங்கையில் ஒட்சியேற்றம், இரண்டுமே ஆக்சிஜனைப் பெயரளவில் சுமக்கின்றன. காற்றுப் புகாத நிலத்தடி நீரில் டிரைகுளோரோ எத்திலீனை இரும்பு சிதைக்கும்போது ஆக்சிஜன் ஏறுவதில்லை. இரும்பு எலக்ட்ரான்களை இழக்கின்றது, அவ்வளவே. மூலமொழிச் சொல்லிலும் இதே எச்சம் உண்டு. ஆகவே இதனைத் தமிழின் குறையாகக் கூறுதல் முறையாகாது.

‘இணைதிறனற்ற’ இரும்பு

இம்முறையில் பயன்படும் இரும்பிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் அடைமொழி, இணைதிறன் சுழியாக உள்ளது என்று பொருள்படும். அதாவது எலக்ட்ரான் எதனையும் இன்னும் இழக்காத, தனி உலோக நிலையிலுள்ள இரும்பு. இதனை ‘இணைதிறனற்ற இரும்பு’ என்று பெயர்த்தால் நேர்வது விந்தையானது. திறனற்றது என்றால் இணையமாட்டாதது, வினைபுரியாதது என்றே தமிழ்ச் செவி கொள்ளும். உண்மையோ நேர்மாறானது. இணைதற்கு மிகவும் விழைகின்ற நிலை அது. அதனாலேயே அவ்விரும்பு மருந்தாகின்றது. ‘சுழி இணைதிற இரும்பு’ என்பதும், இலங்கை வழக்கையொட்டிய ‘பூச்சிய வலுவளவு இரும்பு’ என்பதும் பிழையற்றவை; ஆயின் துறை வல்லுநர்க்கே விளங்குவன. ‘உலோகநிலை இரும்பு’ என்று கூறினால் துரு அன்று, இரும்பு உப்பு அன்று, இரும்பே என்பது பொதுநிலை வாசகர்க்கும் புலப்படும்.

இத்துகள்களின் அமைப்பும் இப்பெயருக்கு இடம் தருகின்றது. நடுவே உலோக இரும்பும், அதனைச் சுற்றிச் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு ஓடும் உள்ளன. உள்ளிருக்கும் இரும்பு எலக்ட்ரான்களைத் தருகின்றது. ஓடு கன உலோக அயனிகளைத் தன் பரப்பில் பிடித்துக்கொள்கின்றது. ஒரே துகளில் இரு வினைகள் நிகழ்வதால் இரு வினைச்சொற்கள் வேண்டும்.

‘வினையூக்கி’ என்னும் சொல்லின் மிகைவழக்கும் இங்குக் கருதத்தக்கது. வினையூக்கி என்பது வினையை விரைவுபடுத்தி, முடிவில் தான் செலவாகாது எஞ்சுவது. டிரென்டன் சோதனையில் இரும்புத் துகளின் மேல் மிகச் சிறிதளவு பல்லேடியம் சேர்க்கப்பட்டது, அது வினையூக்கி. இரும்போ செலவாவது, துருவாகி முடிவது. நானோ இரும்பை வினையூக்கி என்று எழுதுவோர், ஒருமுறை இட்டாற் போதும் என்னும் பொருளைத் தம்மையறியாமல் தந்துவிடுகின்றனர். இத்துகள்கள் ஒன்றையொன்று காந்தத்தால் ஈர்த்துத் திரண்டு, நிலத்தடியில் நெடுந்தொலைவு செல்லாமல் நின்றுவிடுவதும், அதனைத் தடுக்கப் பலபடிச் சேர்மங்களால் உறையிடுவதும் தனியே எழுதத்தக்கவை. கூழ்மம் இவ்வாறு திரள்வதைப் பாடநூல்கள் பால் திரிவதோடு ஒப்பவைத்துத் ‘திரிதல்’ என்று கூறுவது நல்ல ஆட்சி என்பதை மட்டும் இங்குக் குறிக்கலாம்.

பிடித்தலும் சிதைத்தலும்

கழிவுநீரிலிருந்து ஒரு பொருள் ‘நீங்குவதற்கு’ மூன்று வழிகள் உள. துகளின் பரப்பில் ஒட்டிக்கொள்ளலாம். வேறு நிலைக்கு மாறிப் படியலாம். மூலக்கூறு உடைந்து வேறு பொருளாகலாம். ‘நீக்கம்’ என்னும் சொல் இம்மூன்றையும் மூடிப் போர்த்துகின்றது.

முதல்வழியைத் தமிழ்நாட்டார் பரப்புக் கவர்ச்சி என்பர். இலங்கையர் புறத்துறிஞ்சல் என்பர். ‘உறிஞ்சுதல்’ என்று மட்டும் எழுதினால் பஞ்சு நீரை உள்வாங்குவது போன்ற காட்சி தோன்றும். இங்கு நிகழ்வது புறத்தே ஒட்டுதல். ஆர்சனிக்கு ஒரு தனிமம். அதனை எந்த வேதிவினையாலும் அழிக்க இயலாது. சென்னைக் கழகத்தில் உருவான ‘அம்ரித்’ என்னும் நீர்த் தூய்மை முறையில், நானோ அமைப்புடைய இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு ஆர்சனிக்கைத் தன் பரப்பில் பிடித்து வைக்கின்றது. இது கழிவுநீருக்கன்று, குடிநீருக்கு உரியது. எனினும் வினைச்சொல் ஒன்றே. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கும் கீழே நீர் வந்துவிடலாம். அதில் இல்லாத ஆர்சனிக்கு வடிகட்டியில் உள்ளது. ‘ஆர்சனிக்கை அழிக்கும் வடிகட்டி’ என்று தலைப்பிட்ட செய்தியைப் படித்தவர், பயன்முடிந்த வடிகட்டிச் சரக்கைத் தோட்டத்தில் கொட்டுவதற்கு அஞ்ச வேண்டிய காரணமில்லை.

தமிழர் இவ்வகை வினைக்குச் சொல் அறியாதவர் அல்லர். கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைக்கும் வழக்கம் பழமையானது. தேறு, தேற்று என்னும் தன்வினை பிறவினை இணையில் தேற்றுதல் தெளியச் செய்தலாகும். சேறு அழிந்ததாக அச்சொல் கூறவில்லை. மேலே தெளிந்தது, அடியில் மண்டி நின்றது என்பது அதனுள் அடங்கியுள்ளது. குடத்தை ஆண்டவர் மேல்நீரை மொண்டு, அடிமண்டியைப் புறத்தே கொட்டினர். இன்றைய ‘சுத்திகரிப்பு’ என்னும் சொல்லில் மண்டிக்கு இடமில்லை. இலங்கையில் வழங்கும் ‘பரிகரிப்பு’ அந்த வகையில் அடக்கமானது. தூய்மையை உறுதிகூறாமல், செய்யவேண்டியது செய்யப்பட்டது என்னும் அளவில் நிற்கின்றது.

மூன்றாம் வழியான சிதைத்தலிலும் எல்லை காண வேண்டியுள்ளது. கரிமச் சேர்மம் முற்றிலும் உடைந்து கரியமிலவாயு முதலிய எளிய பொருள்களாவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கனிமம் என்பதன் அடியாகப் பிறந்தது. அதனைக் ‘கனிமமாக்கல்’ என்று பெயர்த்தால் சுரங்கம் நினைவுக்கு வரும். ‘முழுச் சிதைவு’ என்பது விளங்கும். வெள்ளி நானோத்துகள் கார்பன் டெட்ராகுளோரைடைச் சிதைக்கும்போது வெள்ளி குளோரைடும் கரியும் எஞ்சுகின்றன. இங்குச் ‘சிதைக்கிறது’ என்பது முழுவதும் பொருந்தும். வெள்ளி செலவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாயக் கழிவில் நிலை வேறு. நூற்சாயங்களுள் பெரும்பகுதி அசோ வகையின. இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையேயுள்ள பிணைப்பே அவற்றின் நிறத்திற்குக் காரணம். நானோ இரும்பு அப்பிணைப்பை முறிக்கின்றது. நிமிடங்களில் நிறம் போகின்றது. ஆனால் முறிந்த துண்டுகள் அரோமேட்டிக் அமீன்களாக நீரில் நிற்கின்றன. அவற்றுட் சில சாயத்தினும் கொடியவை. இவற்றை மேலும் சிதைக்க வேறொரு படி தேவை. எனவே ‘நிறநீக்கம்’ என்பதைச் ‘சாய நீக்கம்’ என்று பெயர்த்தல் கூடாது. நொய்யல் ஆற்றின் பொருட்டுத் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. அங்கு உழவர்களின் முறையீடு நிறத்தோடு நிற்கவில்லை. நிலத்தைக் கெடுத்த உப்பு அதனினும் பெரிது. கரைந்த உப்பை நானோ இரும்பு தொடுவதில்லை. நிறமற்ற நீர் தூய நீராகாது என்பதை அப்பகுதியினர்க்கு எவரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளியின் இரு முகங்கள்

வெள்ளி நானோத்துகள் சிறிது சிறிதாக வெள்ளி அயனிகளை வெளியிட்டு நுண்ணுயிரிகளைக் கொல்கின்றது. இதனைக் ‘கிருமி நீக்கம்’ என்பது வழக்கு. கொல்லப்பட்ட கிருமி நீங்குவதில்லை என்பது நுணுக்கமான ஆட்சேபம். அதனை வற்புறுத்த வேண்டியதில்லை. வற்புறுத்தத்தக்கது வேறு. குடிநீரில் நன்மை செய்யும் இவ்வினை கழிவுநீரில் தீமையாகலாம். நகரக் கழிவுநீர் நிலையங்கள் நுண்ணுயிரிகளை வளர்த்தே அழுக்கைச் சிதைக்கின்றன. அவற்றுள் அம்மோனியாவை மாற்றும் நைட்ரஜனேற்றப் பாக்டீரியங்கள் வெள்ளிக்கு எளிதில் தாக்குண்பவை. நாற்றம் தடுக்க வெள்ளி பூசப்பட்ட ஆடைகளைத் துவைக்கும்போது கழன்ற வெள்ளியும் அங்கேயே வந்து சேர்கின்றது. நற்பேறாக அதன் பெரும்பகுதி வெள்ளி சல்பைடாக மாறிக் கசடில் அடங்கிவிடுகின்றது. ஆகவே ‘வெள்ளி நானோத்துகளும் கழிவுநீரும்’ என்னும் தலைப்பைக் கண்டவுடன், அங்கு வெள்ளி மருந்தா மாசா என்பதை மூலத்தில் தேடிய பின்னரே வேற்றுமை உருபைத் தேர்தல் வேண்டும்.

ஒரு பத்தியின் இரு வடிவங்கள்

மேற்கூறியவற்றைச் சேர்த்துக் காண, மின்முலாம் பூசும் ஆலையொன்றின் அறிக்கைச் சுருக்கத்தில் வரக்கூடிய பத்தி ஒன்றை அமைத்துப் பார்க்கலாம். வழக்கமான நடையில் அது பின்வருமாறு அமையும்.

(4) ஆலையின் கழிவுநீர் இணைதிறனற்ற நானோ இரும்பு வினையூக்கியின் மூலம் குரோமியக் குறைப்பு செய்யப்பட்டு, நச்சு உலோக நீக்கம் பெற்றுச் சுத்திகரிக்கப்பட்ட நீராக வெளியேற்றப்படும்.

இலக்கண வழு எதுவும் இதில் இல்லை. ஆங்கில மூலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லும் உள்ளது. வினைகளைத் திறந்து எழுதினால் அதே செய்தி வேறு உருக்கொள்ளும்.

(5) ஆலையின் கழிவுநீரில் மிக நச்சான ஆறிணைதிறக் குரோமியம் உள்ளது. உலோகநிலையிலுள்ள நானோ இரும்புத்துகள்கள் அதனை நச்சுக் குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக ஒடுக்கும். அவ்வினையில் இரும்பு செலவாகும். மூவிணைதிறக் குரோமியமும் இரும்பும் சேர்ந்த கசடு அடியில் படியும். மேல்நீர், வரம்புக்கு உட்பட்டதா எனச் சோதிக்கப்பட்டபின் வெளியேற்றப்படும். கசடு பிரித்தெடுக்கப்பட்டுச் சேமிக்கப்படும்.

இரண்டாம் வடிவம் ஏறத்தாழ இருமடங்கு நீண்டது. பக்கக் கட்டணம் பெறும் மொழிபெயர்ப்பாளர்க்கு அன்றி அறிக்கையை அச்சிடுவோர்க்கு அது உவப்பாக இராது. ஆயினும் கூட்டத்தில் எழுந்து நிற்கும் ஒருவர் (4)ஐப் படித்துவிட்டுக் கேட்கக்கூடிய வினா எதுவும் இல்லை. (5)ஐப் படித்தவர் கேட்கலாம்: கசடு எவ்வளவு, எங்கே சேமிக்கப்படும், மழைக்காலத்தில் அதன்மேல் கூரை உண்டா, மூவிணைதிறக் குரோமியம் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகளோடு சேர்ந்து மீண்டும் ஆறிணைதிறமாக மாறுமா என்று. கடைசி வினாவுக்கு விடை, மாறக்கூடும் என்பதே.